கரஸ் டிகிரியோடு ஓ.டி.ஏ. போக முடியுமா? எந்தப் படிப்பை எடுப்பது?

பாலாற்றுக்கரை எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். எனக்கு வயது 19. வேலூர்ப் பக்கம் கிராமம். எங்கள் ஊரில் வீட்டுக்கு ஒருவராவது பட்டாளத்தில் இருப்பார்கள். அப்பா மெட்ராஸ் ரெஜிமெண்டில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். நான் அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் 12ஆம் வகுப்பு முடித்தேன், காமர்ஸ் குரூப், 71 சதவீதம். வீடு கட்டிய கடன் நின்றுகொண்டிருந்ததால் உடனே வேலைக்குப் போய்விட்டேன். ராணிப்பேட்டையில் ஷூ கம்பெனி. ஷூவின் மேல்பகுதி தைக்கிற அப்பர் ஸ்டிச்சிங் லைனில் செக்கிங். காலை எட்டரைக்கு உள்ளே போனால் மாலை ஐந்தரை. கம்பெனி வேனில் வீடு வந்து சேர ஏழு ஆகிவிடும்.

சென்னையில் இருக்கிற ராணுவ அதிகாரிகள் பயிற்சி அகாடமியான ஓ.டி.ஏ.யில் பயிற்சி முடித்து ஆபீசராக வேண்டும் என்பது என் ஆசை. அதற்கான எழுத்துத் தேர்வான சி.டி.எஸ். எழுத டிகிரி வேண்டும். கல்லூரிக்குப் போய்ப் படிக்க இப்போதைக்கு வழியில்லை, சம்பளம் நின்றால் தவணை நின்றுவிடும். அதனால் வீட்டிலிருந்தே படிக்கிற மாதிரி மூன்று பார்த்து வைத்திருக்கிறேன்.

ஒன்று, இக்னோ என்கிற திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் பி.ஏ. அல்லது பி.காம். இரண்டு, சென்னை ஐ.ஐ.டி.யின் ஆன்லைன் பி.எஸ். டேட்டா சயின்ஸ். எங்கள் லைன் சூப்பர்வைசரின் தம்பி அதில் படிக்கிறார், "ஐ.ஐ.டி. பெயர் இருந்தால் எங்கே போனாலும் மரியாதை" என்கிறார். மூன்றாவது, வேறு மாநிலத்துப் பல்கலைக்கழகம் ஒன்றின் ஆன்லைன் பி.பி.ஏ. இதற்கு ஒருவர் தினமும் போன் செய்கிறார். "டிபென்ஸ் கோட்டாவுக்குப் பீஸ் குறைப்போம். மூன்று வருடம் எதற்கு, ஒரே வருடத்தில் மூன்று வருட மார்க்‌ஷீட்டும் வாங்கித் தருகிறோம்" என்றார். அதைக் கேட்டதும் கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது.

இப்படித் தொலைதூரத்தில் படிக்கிற கரஸ் டிகிரி என்றால், எழுத்துத் தேர்வுக்குப் பிறகு அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் எஸ்.எஸ்.பி.யில் மட்டமாகப் பார்ப்பார்களா? எந்தப் பாடம் எடுத்தால் நல்லது? அப்பாவிடம் கேட்டால் "ஆபீசர் எல்லாம் காலேஜ் போனவங்கம்மா" என்பதோடு நிறுத்திக்கொள்கிறார். விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

டீக்கடை பெஞ்ச் எழுதியது:

மேடம், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கரஸ் டிகிரிக்கு வெளியில் மதிப்பே இல்லை. எஸ்.எஸ்.பி.யில் முதல் நாளே திருப்பி அனுப்பிவிடுவார்கள். என் நண்பனுக்கு நடந்தது. அங்கே வருகிறவன் எல்லாம் இன்ஜினியரிங் முடித்தவன், கான்வென்ட் இங்கிலீஷ். ரெகுலர் காலேஜ் சேர முடியாது என்றால் போலீஸ் எஸ்.ஐ. தேர்வுக்குப் படியுங்கள். நடக்கிற காரியமாகப் பார்க்கலாம்.

பழைய ஓ.ஜி. சட்டை எழுதியது:

முதலில் மேலே எழுதியவருக்கு. உங்கள் நண்பர் முதல் நாள் திரும்பி வந்திருக்கலாம், அன்றைக்கு வருகிறவர்களில் பெரும்பகுதி திரும்பத்தான் செய்யும். ஆனால் முதல் நாள் ஸ்கிரீனிங்கில் நடப்பது இரண்டே சங்கதி. ஒன்று, ஓ.ஐ.ஆர். என்கிற அறிவுத்திறன் தேர்வு. மற்றது, ஒரு மங்கலான படத்தை முப்பது விநாடி காட்டுவார்கள், நான்கு நிமிடத்தில் கதை எழுதி, பிறகு குழுவாக உட்கார்ந்து அதைப் பேச வேண்டும். அங்கே உன் டிகிரி ரெகுலரா கரஸா என்று கேட்க யாருக்கும் நேரம் கிடையாது.

தங்கச்சி, நான் கரஸில் பி.ஏ. வரலாறு படித்து ஓ.டி.ஏ. போனவன். மாமாவின் செல்போன் கடையில் நின்றுகொண்டே படித்தேன். குறுகிய காலப் பணியான ஷார்ட் சர்வீசில் பத்து வருடம் இருந்துவிட்டு இப்போது ஓசூரில் ஒரு கிடங்கைப் பார்த்துக்கொள்கிறேன். அதனால் கேள்விப்பட்டதைச் சொல்லவில்லை.

சட்டப்படி என்ன என்று பார்த்துவிடுவோம். சி.டி.எஸ். அறிவிப்பில் ஓ.டி.ஏ.க்குக் கேட்பது அங்கீகரிக்கப்பட்ட பல்கலைக்கழகத்தின் டிகிரி, அவ்வளவுதான். கரஸ், ஆன்லைன் படிப்புகளுக்குப் பல்கலைக்கழக மானியக் குழுவான யூ.ஜி.சி.யின் 2020 ஒழுங்குமுறை விதிகள் இருக்கின்றன. அதில் 22ஆம் விதிப்படி, முறையான அனுமதியோடு நடக்கும் கரஸ் அல்லது ஆன்லைன் டிகிரி கல்லூரிக்குப் போய்ப் படித்த டிகிரிக்குச் சமம். ஆளாளுக்கு ஒன்று சொல்லிக்கொண்டிருந்ததால் 2022 செப்டம்பரில் யூ.ஜி.சி.யே இதைத் தனி அறிவிப்பாகவும் போட்டது. யாராவது வாதம் செய்தால் அதைக் காட்டு.

ஆனால் இந்த வழியில் சில கதவுகள் மூடியே இருக்கும். பி.இ., பி.டெக்., சட்டம் எல்லாம் கரஸிலும் ஆன்லைனிலும் நடத்தவே கூடாது. பொறியாளர்களுக்கான டி.ஜி.சி., எஸ்.எஸ்.சி. டெக், வக்கீல்களுக்கான ஜாக், இந்த மூன்றும் உனக்கு இல்லை. நீ கேட்டது பொது நுழைவு, அதற்கு எந்த டிகிரியும் போதும். ஓ.டி.ஏ.க்கு ஆங்கிலம், பொது அறிவு என்று இரண்டு தாள்தான், தலா 100 மதிப்பெண், தலா இரண்டு மணி நேரம். கணக்குத் தாள் டேராடூன் ஐ.எம்.ஏ., கடற்படை, விமானப்படை அகாடமிகளுக்குத்தான். காமர்ஸ் படித்தவள் கணக்கை நினைத்துத் தூக்கம் கெட வேண்டாம். தவறான விடைக்கு மூன்றில் ஒரு பங்கு மதிப்பெண் போகும், அதை மட்டும் மறக்காதே.

அடுத்து அந்தப் போன்காரர். நம்பரை பிளாக் செய். ஒரு வருடத்தில் மூன்று வருட மார்க்‌ஷீட் என்று ஒருவன் சொன்னாலே அது திருட்டு. டிபென்ஸ் கோட்டா என்று அவன் சொன்னதும் உன் அப்பாவின் சர்வீசை மோப்பம் பிடித்துச் சொன்னதுதான். ராணுவத்தில் சேர்ந்த பிறகு உன் சான்றிதழை அதைக் கொடுத்த பல்கலைக்கழகத்துக்கே அனுப்பிச் சரிபார்ப்பார்கள். போலி என்று வந்தால் யூனிபார்மைக் கழற்றுவதோடு முடியாது, கேஸும் வரும். எந்தப் பல்கலைக்கழகமாக இருந்தாலும் யூ.ஜி.சி.யின் தொலைதூரக் கல்விப் பிரிவு, அதான் டி.இ.பி., அதன் இணையதளத்துக்குப் போ. அங்கே பல்கலைக்கழகத்தின் பெயர் இருந்தால் மட்டும் போதாது. நீ சேரும் வருடத்துக்கு, நீ சேரும் அதே பாடத்துக்கு அனுமதி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பி.ஏ.வுக்கு அனுமதி இருக்கும், பி.பி.ஏ.வுக்கு இருக்காது. போன வருடம் இருந்திருக்கும், இந்த வருடம் இருக்காது. அந்தப் பக்கத்தைச் சேமித்து ஒரு பிரிண்டும் எடுத்து வை. மூன்று வருடம் கழித்து யாராவது கேட்டால் கையில் இருக்கட்டும். இப்போது கரஸில் சேருகிறவர்கள் டி.இ.பி. ஐ.டி. என்று ஒன்றை அவர்களே எடுத்துத்தான் சேர முடியும். அதை ஏஜெண்டிடம் எடுக்கக் கொடுக்காதே.

இனி எந்தப் பாடம் என்பது. உன் இடத்தில் இருந்தால் நான் இக்னோவில் பி.காம்., ஆங்கில வழி எடுப்பேன். பி.ஏ. அரசியல் அறிவியலோ வரலாறோ எடுத்தால் சி.டி.எஸ். பொது அறிவுத் தாளுக்குச் சௌகரியம் என்று பலர் சொல்வார்கள். உண்மைதான், எனக்கே உதவியது. ஆனால் அந்தப் பொது அறிவை எட்டு மாதம் ஒழுங்காகப் படித்தால் யாரும் பிடித்துவிடலாம், அதற்காக ஒரு டிகிரியைச் செலவழிக்க வேண்டியதில்லை. பி.காம். என்றால் விமானப்படையில் இன்னொரு கதவு திறக்கும். ஏ.எஃப்.கேட். என்று தனித் தேர்வு நடத்துகிறார்கள், அதில் அக்கவுண்ட்ஸ் பிரிவுக்கு பி.காம். மாதிரி வணிகவியல், நிதி சார்ந்த படிப்பு வேண்டும். டிகிரியில் 60 சதவீதம் கேட்பார்கள். வயது 20 முதல் 26. ஓ.டி.ஏ.க்கு 19 முதல் 25. ஒரே படிப்பு, ஒரே உழைப்பு, இரண்டு சீருடைக்கு விண்ணப்பம் போடலாம். ஆகவே சும்மா பாஸானால் போதும் என்று இருந்துவிடாதே, 60க்கு மேல் வை. இக்னோவில் அசைன்மெண்ட்டுக்கு 30 சதவீத எடை இருக்கிறது. அது உன் கையில் இருக்கிற மார்க், அதை விட்டுவிட்டுப் பரீட்சையில் மட்டும் பிடிக்கப் பார்ப்பவர்கள்தான் 54, 56 என்று நிற்பார்கள்.

ஆங்கில வழி என்று நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. சி.டி.எஸ். தாள் இந்தியிலும் ஆங்கிலத்திலும்தான் வரும், தமிழில் வராது. எஸ்.எஸ்.பி.யில் இரண்டாம் நாள் உளவியல் தேர்வு. படத்துக்கு ஒன்றாகப் பன்னிரண்டு கதை, ஒவ்வொன்றுக்கும் நான்கு நிமிடம். பிறகு அறுபது சொற்கள், பதினைந்து விநாடிக்கு ஒன்று வந்து போகும், ஒவ்வொன்றுக்கும் ஒரு வாக்கியம் எழுத வேண்டும். அங்கே தமிழில் யோசித்து ஆங்கிலத்துக்கு மாற்றிக்கொண்டிருந்தால் இருபதாவது சொல்லிலேயே பின்தங்கிவிடுவாய். கரஸ் அசைன்மெண்ட் கையால் எழுதுவது. நான் கடையில் கூட்டமில்லாத மத்தியான நேரத்தில் ரசீதுப் புத்தகத்துக்கு அடியில் தாளை வைத்துக்கொண்டு எழுதுவேன். பக்கம் பக்கமாக எழுதி எழுதி, கை ஆங்கிலத்துக்குப் பழகிவிட்டது. இலக்கணம் சுமார்தான், ஆனால் தேர்வு அறையில் பேனா நிற்கவில்லை. கான்வென்ட் இங்கிலீஷ் யாரும் எதிர்பார்ப்பதில்லை. சொல்ல வந்ததைத் தயங்காமல் சொல்ல வேண்டும், அதுதான்.

இப்போது நீ பயப்படுகிற இடத்துக்கு வருவோம். எஸ்.எஸ்.பி.யில் பி.ஐ.க்யூ. என்று ஒரு படிவம் தருவார்கள். பெற்றோர் வேலை, வருமானம், 10ஆம் வகுப்பு முதல் மதிப்பெண்கள், விளையாட்டு, பொழுதுபோக்கு, என்.சி.சி., ஏற்ற பொறுப்புகள், எல்லாம் அதில் எழுத வேண்டும். நேர்காணல் அதிகாரி அதைக் கையில் வைத்துக்கொண்டுதான் பேசுவார். ஒரே மூச்சில் பத்துப் பன்னிரண்டு கேள்வி அடுக்குவார்: பத்தாவதில் எவ்வளவு, பன்னிரண்டில் எவ்வளவு, ஏன் குறைந்தது, பிடித்த ஆசிரியர் யார், ஏன், நண்பர்கள் யார், ஓய்வு நேரத்தில் என்ன செய்வாய், கரஸில் ஏன் சேர்ந்தாய், இப்போது எங்கே வேலை... வரிசை மாறாமல் பதில் சொல்ல வேண்டும். கரஸ் என்றதற்கு என் அதிகாரி முகம் சுளிக்கவில்லை. கடையில் ஒரு நாள் வியாபாரம் எவ்வளவு, உடைந்த போனைக் கொண்டுவந்து சண்டை போடுகிறவனை எப்படிச் சமாளிப்பாய், மாமா உன்னை நம்பிக் கல்லாவைக் கொடுத்தாரா என்றுதான் துருவினார். கல்லூரி பற்றிக் கேட்டிருந்தால் அவ்வளவு பேசியிருப்பேனா தெரியாது.

உன்னையும் அப்படித்தான் கேட்பார்கள். ஒரு ஷிப்டில் உன் மேசைக்கு எத்தனை அப்பர் வருகிறது? எத்தனை ரிஜெக்ட்? தையல் பிசகினால் யார் தைத்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பாய்? உன்னைவிட இருபது வயது மூத்த அக்காவிடம் "இதைப் பிரித்துத் தையுங்கள்" என்று எப்படிச் சொல்வாய், அவர் முறைத்தால் என்ன செய்வாய்? இதற்கு உன்னிடம் நிஜப் பதில் இருக்கிறது. பஸ்ஸில் போய் கிளாஸில் உட்கார்ந்துவிட்டு வரும் பிள்ளைகளிடம் இது இருக்காது. ஆகவே வேலையை மறைக்காதே, அந்தப் படிவத்தில் முழுசாக எழுது. ஆனால் வேலையும் புத்தகமும் மட்டும் என்று மூன்று வருடம் ஓட்டிவிட்டால் விளையாட்டு, பொறுப்பு என்கிற கட்டங்கள் காலியாக இருக்கும். ஊர்ப் பெண்களைச் சேர்த்துக் கபடியோ வாலிபாலோ ஆடு, தொழிற்சாலையில் ஒரு குழு இருந்தால் அதில் சேர், ஏதாவது ஒன்றை நீ நடத்து.

ஓ.டி.ஏ.க்குள் போய்விட்டால் அப்புறம் டிகிரிப் பேச்சே கிடையாது. அங்கே பரமேஸ்வரன் டிரில் ஸ்கொயர் என்கிற அணிவகுப்பு மைதானத்தில் வெயிலில் நிற்கும்போது பக்கத்தில் நிற்பவன் பி.இ.யா பி.ஏ.வா என்று யாருக்கும் தெரியாது. 49 வாரப் பயிற்சி முடித்தால் சென்னைப் பல்கலைக்கழகமே பாதுகாப்பு மேலாண்மையில் முதுநிலை டிப்ளமா தருகிறது, அந்த அளவில் படிப்பும் கூடிவிடும்.

டிகிரியின் அருமை தெரிவது வெளியே வரும்போது. ஷார்ட் சர்வீஸ் பத்து வருடம், விரும்பினால் இன்னும் நான்கு நீட்டிக்கலாம். பெண் அதிகாரிகளுக்கும் நிரந்தரக் கமிஷனுக்கான, அதாவது ஓய்வு வயது வரை பணியில் இருப்பதற்கான வழியை 2020 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் திறந்துவிட்டிருக்கிறது, ஆனால் அது தேர்ந்தெடுத்துத் தருவது, கட்டாயம் கிடைக்கும் என்று வைத்துக்கொள்ள முடியாது. அது கிடைக்காமல் பத்திலோ பதினான்கிலோ வெளியே வந்தால் பென்ஷன் கிடையாது, பணிக்கொடைதான். முப்பத்து மூன்று, முப்பத்தேழு வயதில் புதிதாக வேலை தேட வேண்டியிருக்கும். ஓய்வு பெறும் அதிகாரிகளுக்கு மறுவாழ்வு இயக்குநரகம் ஐ.ஐ.எம்.களில் ஆறு மாதப் படிப்பு ஏற்பாடு செய்கிறது, நானும் அந்த வழியாகத்தான் வந்தேன். அங்கே பேலன்ஸ் ஷீட்டைப் பார்த்து நான் முழித்த முழிக்கு, பி.காம். படித்த பேட்ச்மேட்தான் இரவு உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தான். சோழர் வரலாறு கிடங்குக் கணக்குக்கு உதவாது. பி.காம். எடு என்று நான் சொல்வதில் பாதிக் காரணம் அதுதான்.

பைத்தான் பாண்டி எழுதியது:

ஐ.ஐ.டி. பி.எஸ். பற்றி யாரும் சொல்லவில்லை, நான் அதில்தான் படிக்கிறேன், டிப்ளமா லெவல். சேருவதற்குத் தடை இல்லை தோழி. 12ஆம் வகுப்பில் எந்தக் குரூப்பாக இருந்தாலும் சரி, 10ஆம் வகுப்பில் கணக்கும் ஆங்கிலமும் இருந்தால் போதும். முதலில் நான்கு வாரப் பாடம், வாராவாரம் அசைன்மெண்ட், பிறகு குவாலிஃபையர் தேர்வு. அதில் தேறினால் பவுண்டேஷன் லெவலில் எட்டுப் பாடம். கணக்கு, ஸ்டாட்டிஸ்டிக்ஸ், பைத்தான், ஆங்கிலம் எல்லாம் வரும். வருடத்துக்கு மூன்று டெர்ம்.

ஆன்லைன் என்றால் லேசாக இருக்கும் என்று நினைத்தால் மாட்டிக்கொள்வீர்கள். வீடியோதான் வீட்டில், குவிஸ்ஸும் இறுதித் தேர்வும் நேரில் சென்டருக்குப் போய் எழுத வேண்டும். அதுவும் ஞாயிற்றுக்கிழமை. சி.டி.எஸ்.ஸும் ஞாயிற்றுக்கிழமைதான் வரும், இரண்டும் ஒரே நாளில் விழுந்தால் ஒன்றை விட வேண்டியதுதான். பி.எஸ்சி. டிகிரியோடு வெளியேறவே 114 கிரெடிட் வேண்டும், முழு பி.எஸ். என்றால் 142. ஒரு டெர்முக்கு நான்கு பாடம் எடுத்து ஓடினால்தான் மூன்று வருடத்தில் பி.எஸ்சி. வரும். நான் வேலைக்குப் போகவில்லை, எனக்கே இரண்டு மூன்று பாடம் எடுத்தால் நாக்குத் தள்ளுகிறது. வேனில் ஏழு மணிக்கு வந்து சேருகிற நீங்கள் இதை எடுத்தால் ஐந்து வருடம் ஆகிவிடலாம், ஓ.டி.ஏ. வயதில் அது கைவைக்கும்.

கணக்கில் உங்களுக்கு உண்மையிலேயே வெறி இருந்தால் சொல்லுங்கள், வேறு மாதிரி பேசலாம். பெயருக்காக என்றால் வேண்டாம். சூப்பர்வைசர் தம்பி எந்த லெவலில் இருக்கிறார் என்று கேட்டுப் பாருங்கள்.

என்.சி.சி. டீச்சர் எழுதியது:

அரசு கலைக் கல்லூரி ஒன்றில் பேராசிரியர், என்.சி.சி. பொறுப்பும் எனக்குத்தான். ஓ.ஜி. சட்டை சார் சொன்னதில் எதையும் மறுக்கவில்லை, ஆனால் ஒரு பெரிய வழியை அவர் தொடவே இல்லை.

என்.சி.சி. ஸ்பெஷல் என்ட்ரி என்று ஒன்று இருக்கிறதம்மா. என்.சி.சி. "சி" சான்றிதழில் குறைந்தது பி கிரேடு, டிகிரியில் 50 சதவீதம் இருந்தால் சி.டி.எஸ். எழுத்துத் தேர்வே வேண்டாம், நேராக எஸ்.எஸ்.பி.க்கு விண்ணப்பிக்கலாம். அங்கே பயிற்சியும் அதே ஓ.டி.ஏ.யில்தான். ஆனால் சி சான்றிதழுக்குக் கல்லூரியில் இருந்து மூன்று வருடம் பரேட், கேம்ப் எல்லாம் போக வேண்டும், கரஸ் மாணவிக்கு அது கிடைப்பதில்லை. நீ 6ஆம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்திருந்தால் கல்லூரியில் சேர்ந்ததும் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் வரும். கரஸுக்கு அதுவும் இல்லை. அரசு கலைக் கல்லூரிகளில் கட்டணம் மிகக் குறைவு, பலவற்றில் இரண்டு ஷிப்ட் உண்டு. வேறு ஏதாவது பகுதி நேர வேலையோடு ஒரு ஷிப்டில் படிக்க முடியுமா என்று வீட்டில் உட்கார்ந்து பேசிப் பாரேன். சேர்வதற்கு முன்னால் அந்தக் கல்லூரியில் பெண்களுக்கு என்.சி.சி. இருக்கிறதா என்று கட்டாயம் விசாரி. முதல் வருடமே சேர வேண்டும்.

பாலாற்றுக்கரை எழுதியது:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. போன் நம்பரை பிளாக் செய்துவிட்டேன். வேறு நம்பரிலிருந்து கூப்பிட்டார், அதையும் செய்துவிட்டேன்.

டீச்சர், நீங்கள் சொன்னதை அம்மாவிடமும் அப்பாவிடமும் பேசினேன். எனக்குக் கையில் 11,500 வருகிறது, அதில் 8,000 தவணை. இன்னும் இரண்டரை வருடம் இருக்கிறது. பகுதி நேரமாகப் போனால் அவ்வளவு யார் தருவார்கள்? என்.சி.சி. கிடைக்காது என்பது வருத்தமாகத்தான் இருக்கிறது. எட்டாவது ஒன்பதாவதில் ஜூனியர் பிரிவில் இருந்தேன், "ஏ" சான்றிதழ் இருக்கிறது. பி.ஐ.க்யூ.வில் அதை எழுதலாம்தானே?

பாண்டி அண்ணா, கேட்டேன். அவர் இன்னும் குவாலிஃபையரே எழுதவில்லையாம்.

ஓ.ஜி. சட்டை அண்ணா, பி.காம். என்று முடிவு செய்துவிட்டேன். இரண்டு சந்தேகம். கரஸில் ரிசல்ட் தாமதமாகும் என்கிறார்கள். மூன்றாம் வருடம் படிக்கும்போதே சி.டி.எஸ். எழுதலாமா, முடித்துவிட்டுத்தான் எழுத வேண்டுமா? அப்புறம் எஸ்.எஸ்.பி.க்குப் பெங்களூரோ போபாலோ போய்வரும் செலவு எவ்வளவு ஆகும்?

பழைய ஓ.ஜி. சட்டை எழுதியது:

டீச்சருக்கு என் சல்யூட். அந்த வழி முடியுமானால் அதுதான் முதல் வழி, நான் விட்டது தப்பிதமில்லை, அதைச் சொல்லத் தகுந்த ஆள் அவர்தான். "ஏ" சான்றிதழைத் தாராளமாக எழுது தங்கச்சி. கேம்ப் போயிருந்தால் எங்கே, என்ன செய்தாய் என்று ஞாபகப்படுத்தி வை, கேட்பார்கள்.

கடைசி வருடத்தில் இருக்கும்போதே எழுதலாம். டிகிரி முடித்த சான்றை அறிவிப்பில் போட்டிருக்கும் தேதிக்குள் கொடுக்க வேண்டும், அங்கேதான் கணக்குப் போட வேண்டும். சி.டி.எஸ். வருடத்துக்கு இரண்டு முறை. ஏப்ரலில் எழுதினால் ஓ.டி.ஏ. பயிற்சி அடுத்த வருடம் ஏப்ரலில், செப்டம்பரில் எழுதினால் அடுத்த வருடம் அக்டோபரில் என்பதுதான் வழக்கமாக நடந்துவரும் ஓட்டம். நீ 2026 ஜூலையில் சேர்ந்தால் கடைசிப் பரீட்சை 2029 ஜூனில் வரும். 2028 செப்டம்பர் சி.டி.எஸ். எழுதித் தேறினாய் என்று வை, 2029 அக்டோபர் தொடக்கத்துக்குள் சான்று கேட்பார்கள். ஜூன் பரீட்சை ரிசல்ட் ஆகஸ்டில் வந்தால் தப்பித்தாய். ஏதாவது ஒரு தாளுக்கு மார்க் ஏறாமல் தொங்கினால் கதை முடிந்தது. எனக்கு என் பல்கலைக்கழகம் ஒரு தாளுக்கு "வரவில்லை" என்று போட்டுவிட்டது, நான் எழுதிய தாள். அதைச் சரிசெய்ய மூன்று முறை நேரில் போய் ஜன்னல் முன்னால் நின்றேன். ஆகவே 2028 செப்டம்பரை ஒத்திகையாக எழுது, 2029 ஏப்ரலைக் குறியாக வை. அதற்குச் சான்று கொடுக்க 2030 வரை நேரம் இருக்கும். இந்த முழுக் கணக்கும் அரியர் இல்லை என்றால்தான். முதல் வருடத் தாளை மூன்றாம் வருடத்துக்குத் தள்ளாதே. ஒவ்வொரு அசைன்மெண்ட்டைக் கொடுக்கும்போதும் ஒப்புகைச் சீட்டை வாங்கிப் போனில் படம் எடுத்து வை.

செலவு அதிகமில்லை. சி.டி.எஸ். விண்ணப்பக் கட்டணம் பெண்களுக்குக் கிடையாது. எஸ்.எஸ்.பி.க்கு முதல் முறை போகிறவர்களுக்கு மூன்றாம் வகுப்பு ஏ.சி. ரயில் கட்டணம் போகவர ராணுவமே தரும், டிக்கெட்டைத் தொலைக்காதே. தங்குமிடமும் சாப்பாடும் அங்கேயே. ஐந்து நாள் லீவுக்குத்தான் உன் சூப்பர்வைசரிடம் இப்போதே நல்ல பெயர் எடுத்து வைக்க வேண்டும். கடைசி வருடத்தில் போனால் படிப்பதற்கான போனஃபைட் சான்றிதழ் கேட்பார்கள். கல்லூரிப் பிள்ளைகள் பிரின்சிபால் அறையில் பத்து நிமிடத்தில் வாங்கிவிடுவார்கள். நீ இக்னோ மண்டல மையத்துக்கு எழுதி வாங்க வேண்டும், சி.டி.எஸ். எழுதிய கையோடு அதற்கு மனுப் போட்டுவிடு.

பாலாற்றுக்கரை எழுதியது:

தேதிகளை எல்லாம் காலண்டரின் பின்பக்கம் எழுதி ஒட்டிவிட்டேன். அப்பா அதைப் படித்துவிட்டு, "காலையில ஏரிக்கரையை எத்தனை நிமிஷத்துல சுத்துறே"ன்னு கேட்டார்.

நேற்று டி.இ.பி. ஐ.டி. எடுக்க உட்கார்ந்தேன். ஒரு சிக்கல். ஆதாரில் அப்பா பெயர் முழுசாக என் பெயருக்குப் பின்னால் இருக்கிறது. 10ஆம் வகுப்பு மார்க்‌ஷீட்டில் இனிஷியல் மட்டும்தான். இப்படியே சேரலாமா?

பழைய ஓ.ஜி. சட்டை எழுதியது:

சேராதே, நிறுத்து. சி.டி.எஸ். நடத்துகிற யூ.பி.எஸ்.சி.க்கு 10ஆம் வகுப்புச் சான்றிதழில் இருக்கிற பெயரும் பிறந்த தேதியும்தான் கணக்கு. ஆதாரை வைத்து டி.இ.பி. ஐ.டி. எடுத்தால் அந்தப் பெயர்தான் இக்னோவுக்குப் போகும், டிகிரியிலும் அதுவே அச்சாகும். பிறகு இரண்டும் ஒரே ஆள்தான் என்று அபிடவிட் தூக்கிக்கொண்டு திரிய வேண்டும். நம் ஊர்ப் பிள்ளைகள் பாதிப் பேர் இந்த இனிஷியலில்தான் அல்லாடுகிறார்கள். 10ஆம் வகுப்பு மார்க்‌ஷீட்டை எடுத்துக்கொண்டு சனிக்கிழமை ஆதார் மையத்துக்குப் போ, அதில் இருக்கிறபடியே மாற்று. புது ஆதார் வந்ததும் ஐ.டி. எடு, அட்மிஷன் கடைசித் தேதிக்கு இன்னும் நாள் இருக்கிறது. போட்ட பிறகு ஒரு முறை இங்கே வந்து சொல்.